சிம்லாவா, மணாலியா, காங்ராவா, ஸ்பிதியா? கிருஷ்ணகிரி, தர்மபுரிக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

ஏப்ரல் பிறந்தால் இந்தக் கேள்வி வந்துவிடும். ஏற்காடு, ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் பார்த்தாயிற்று. பிள்ளைகளுக்குப் பனி பார்க்க ஆசை. இமாச்சலப் பிரதேசம் போகலாம் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. ஆனால் இமாச்சலத்தில் எங்கே? ஓசூரிலோ பெங்களூரிலோ விசாரித்தால் பெரும்பாலும் ‘சிம்லா, குல்லு, மணாலி, ஏழு நாள்’ என்ற பேக்கேஜைத்தான் நீட்டுகிறார்கள். யூடியூபைத் திறந்தால் ஸ்பிதி பள்ளத்தாக்கு. காங்ரா மாவட்டத்தில் தலாய் லாமா இருக்கும் தர்மசாலாவைப் பார்க்க வேண்டும் என்பார் வீட்டில் ஒருவர்.

இந்த நான்கில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும், ஒரே பயணத்தில் இரண்டைச் சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் சாலை. சிம்லாவிலிருந்து மணாலி சுமார் 250 கி.மீ. நம் நெடுஞ்சாலைக் கணக்கில் நான்கு மணி நேரம். அங்கே எட்டு மணி நேரம் ஆகும், வழியில் நெரிசல் என்றால் இன்னும் கூடும். மணாலியிலிருந்து தர்மசாலாவும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஏழு நாள் பேக்கேஜில் இப்படி இரண்டு பகல் காருக்குள்ளேயே போய்விடும். பின் சீட்டில் பிள்ளைகள் வாந்தி எடுத்துக்கொண்டே வருவார்கள்.

## முதலில் எதை வைத்து முடிவெடுப்பது

இடத்தின் அழகை வைத்து முடிவெடுக்காதீர்கள். நான்குமே அழகுதான். யார் வருகிறார்கள், எந்த மாதம், வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை எத்தனை நாள், பேக்கேஜ் தொகைக்கு வெளியே எங்கே பணம் போகும் என்று இந்த வரிசையில் பாருங்கள்.

யார் வருகிறார்கள். இதில் மூச்சு வேறு, மூட்டு வேறு. உயரம் என்றதும் பலர் பயப்படுகிறார்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிம்லா சுமார் 2,200, தர்மசாலாவின் மேல்பகுதியான மெக்லியோட் கஞ்ச் சுமார் 2,080, மணாலி சுமார் 2,050. ஊட்டியில் நன்றாக இருந்தவருக்கு இந்த மூன்று ஊரிலும் உயரத்தால் தொல்லை வராது. ஸ்பிதி அப்படி இல்லை. அங்கே தங்க வேண்டிய காசா என்ற ஊரே சுமார் 3,650 மீட்டர், அதாவது தொட்டபெட்டா உச்சியைவிட ஆயிரம் மீட்டர் அதிகம். இதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஸ்பிதிக்கு டிக்கெட் போடக் கூடாது. மூட்டு வலிக்காரர்களுக்குச் சிக்கலான ஊர் வேறு. அது சிம்லா. ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

எந்த மாதம். இமாச்சலத்தில் ஜூன் கடைசியில் தொடங்கும் பருவமழை செப்டம்பர் கடைசியில்தான் விலகுகிறது. ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் மலைச்சரிவு, சாலைத் துண்டிப்பு என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். 2023 ஜூலையில் பியாஸ் ஆற்று வெள்ளம் குல்லு–மணாலிச் சாலையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. அடுத்த மாதமே சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில் சிவன் கோயில் மேல் மலை சரிந்து பலர் இறந்தார்கள். கல்கா–சிம்லா ரயில் தண்டவாளம் அடியில் மண் இல்லாமல் அந்தரத்தில் தொங்கியது. இந்த இரண்டு மாதங்களில் குடும்பத்தோடு அங்கே போகாதீர்கள்.

மே மாதத்தில் பள்ளி விடுமுறை, சரி. ஆனால் வட இந்தியா முழுவதற்கும் அப்போதுதான் கோடை, டெல்லி, பஞ்சாப், ஹரியானா மொத்தமும் மலையேறும். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம். மே, ஜூனில் அறுவடை. பெங்களூரா காய் கூழ் ஆலைக்குப் போய் முடிய ஜூலை ஆகிவிடும். அவர்களுக்கு நான் சொல்வது, காலாண்டுத் தேர்வு விடுமுறையைப் பிடியுங்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் பாதி வரைதான் இமாச்சலத்தில் ஆண்டிலேயே வானம் தெளிந்த நாட்கள். மழை கழுவிவிட்ட மலை, குறைந்த கூட்டம், குறைந்த ரூம் வாடகை. பனிமழை மட்டும் கிடைக்காது, தூரத்துச் சிகரங்களில்தான் பனியைப் பார்க்கலாம்.

எத்தனை நாள். கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயில் கிடையாது. தேவனஹள்ளி விமான நிலையம் பெங்களூருக்கு அந்தப் பக்கம் இருப்பதால், கிருஷ்ணகிரியிலிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. தர்மபுரியிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம். விமானத்தில் போனாலும் போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்தது. ரயில் என்றால் சேலத்தில் ஏறும் கேரளா எக்ஸ்பிரஸோ பெங்களூரில் ஏறும் கர்நாடகா எக்ஸ்பிரஸோ டெல்லி போய்ச் சேர இரண்டு இரவு. டெல்லியிலிருந்து மலைக்கு இன்னும் ஒரு இரவு பஸ்.

மறைமுகச் செலவு. ஒவ்வோர் ஊருக்கும் இது வேறு. அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

## சிம்லா: ரயிலுக்காகப் போகலாம்

சிம்லாவின் முதல் பெருமை அங்கே போய்ச் சேரும் வழி. கல்காவிலிருந்து சிம்லாவுக்கு 96 கி.மீ. குறும்பாதை ரயில், 1903-இல் தொடங்கியது. நூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், எண்ணூறுக்கும் மேற்பட்ட பாலங்கள். நம் நீலகிரி மலை ரயில் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, இது 2008-இல் சேர்ந்தது. ஊட்டி ரயிலுக்குப் பல்சக்கரம் உண்டு. கல்கா ரயிலுக்கு அது இல்லை, மலையைச் சுற்றிச் சுற்றித்தான் ஏறுகிறது. பாதி வழியில் பரோக் என்ற நிலையம் வரும். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளமான சுரங்கத்தின் இருட்டிலிருந்து வெளியே வந்ததும் பைன் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன பிளாட்பாரம், சூடான டீ, கட்லெட். வண்டி சில நிமிடம் நிற்கும்போது எல்லோரும் இறங்கிவிடுவார்கள். இந்த மலையில் பாதை போட ஆங்கிலேயப் பொறியாளர்களுக்கு வழி காட்டியவர் பல்கு என்ற உள்ளூர்க்காரர் என்று அங்கே சொல்கிறார்கள். சிம்லாவில் உள்ள ரயில் அருங்காட்சியகத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

ஊருக்குள் தவறவிடக் கூடாதது வைஸ்ராய் மாளிகை. 1888-இல் கட்டி முடித்தது. வடிவமைத்தவர் ஹென்றி இர்வின், பின்னாளில் மைசூர் அரண்மனையையும் அவர்தான் வடிவமைத்தார். மைசூர் பார்த்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லிக் கூட்டிப் போனால் கவனித்துப் பார்ப்பார்கள். 1945-இல் காந்தி, நேரு, ஜின்னா எல்லோரும் சிம்லா வந்த மாநாடு இங்கேதான் நடந்தது. ராதாகிருஷ்ணனின் முயற்சியால் 1965 முதல் இது உயர் ஆய்வு நிறுவனமாக இருக்கிறது.

இப்போது மூட்டு விஷயம். சிம்லாவின் மால் ரோட்டில் வண்டி போக அனுமதி இல்லை. கீழே கார்ட் ரோட்டில் இறங்கி, லிப்ட் பிடித்தோ படியேறியோதான் மேலே போக வேண்டும். மால் ரோட்டுப் பக்கம் ஹோட்டல் எடுத்தால் பெட்டியைத் தூக்கக் கூலியாள் வேண்டும். ஒவ்வொரு முறை வெளியே போய் வரும்போதும் ஏற்றம், இறக்கம். பாட்டிக்கு முழங்கால் வலி என்றால் இரண்டாம் நாள் ரூமிலேயே உட்கார்ந்துவிடுவார். ஹோட்டல் எடுக்கும்போது ‘வாசல் வரை கார் வருமா, உள்ளே எத்தனை படி?’ என்ற இரண்டு கேள்வியையும் கேட்டே ஆக வேண்டும்.

மே மாதக் கூட்டத்தில் சிம்லா திணறுகிறது. 2018 கோடையில் தண்ணீர்த் தட்டுப்பாடு முற்றி, சுற்றுலாப் பயணிகள் வர வேண்டாம் என்று ஊர்க்காரர்களே கேட்டுக்கொண்டார்கள். குப்ரிக்குக் குதிரைச் சவாரி என்று பேக்கேஜில் ஒரு நாள் போட்டிருப்பார்கள், அதற்கான பணத்தை அங்கே தனியாகக் கேட்பார்கள். சேற்றிலும் சாணத்திலும் நடக்கும் அந்தச் சவாரியை விட்டுவிட்டு நார்கண்டா பக்கம் போனால் ஆப்பிள் தோட்டங்களைப் பார்க்கலாம்.

சிம்லா யாருக்குச் சரி: நாலைந்து நாளுக்கு மேல் லீவு இல்லாதவர்களுக்கு, ரயில் பிடித்த பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு, நன்றாக நடக்கக்கூடியவர்களுக்கு. பெங்களூரிலிருந்து சண்டிகருக்கு நேரடி விமானம் இருப்பதால் நான்கில் இதுதான் நமக்குக் கிட்டத்து ஊர். போகும்போது ரயில், திரும்பும்போது பஸ் என்று வையுங்கள். இரண்டு பக்கமும் ரயில் என்றால் பிள்ளைகளுக்கே அலுத்துவிடும்.

## மணாலி: பனிக்காகப் போகலாம், கூட்டத்துக்குத் தயாராக இருந்தால்

பனியைத் தொட்டுப் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம் என்றால் மணாலியைத் தள்ள முடியாது. மே மாதத்தில் சிம்லாவிலும் தர்மசாலா ஊருக்குள்ளும் பனி இருக்காது. மணாலிக்கு மேலே ரோத்தாங் கணவாயில், சுமார் 3,980 மீட்டரில், அப்போதும் இருக்கும்.

ஆனால் ரோத்தாங்குக்கு நினைத்த நேரத்தில் போக முடியாது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வைத்த வரம்பின்படி ஒரு நாளைக்குச் சுற்றுலா வண்டிகள் 1,200 மட்டுமே. ஆன்லைனில் பெர்மிட் எடுக்க வேண்டும். பராமரிப்புக்காகச் செவ்வாய்க்கிழமை சுற்றுலா வண்டிகளை விடுவதில்லை. நீங்கள் மணாலியில் தங்கும் இரண்டு நாளில் ஒன்று செவ்வாயாக அமைந்தால் மிச்சம் ஒரே வாய்ப்பு. பேக்கேஜ்காரர்கள் தொகைக்குள் ரோத்தாங்கைச் சேர்த்திருக்கிறார்களா என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் சோலாங் பள்ளத்தாக்கு வரை மட்டும்தான் சேர்த்திருப்பார்கள், ரோத்தாங்குக்கு அங்கே போய்த் தனி டாக்சி பேச வேண்டியிருக்கும். போகும் வழியெல்லாம் கோட்டும் கம்பூட்டும் வாடகைக்கு விடும் கடைகள். ஆளுக்கு ஒரு செட், பனிச்சறுக்குக்குத் தனி, பனி ஸ்கூட்டருக்குத் தனி. ஐந்து பேர் குடும்பத்துக்கு அந்த ஒரு நாளில் ஆகும் செலவு இரண்டு நாள் ரூம் வாடகையைத் தாண்டிவிடும். நம்மிடம் ஸ்வெட்டர் இருக்கிறது என்று நினைக்காதீர்கள், பனியில் உட்கார்ந்தால் நனையாத துணி வேண்டும், ஆகவே அந்த வாடகை கொடுக்கத்தான் வேண்டும். பட்ஜெட்டில் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

ரோத்தாங் கிடைக்காவிட்டால் வருத்தப்பட வேண்டியதில்லை. 2020 அக்டோபரில் திறந்த அடல் சுரங்கப்பாதை 9.02 கி.மீ. நீளம். அதற்குப் பெர்மிட் வேண்டாம். இந்தப் பக்கம் தேவதாரு மரங்கள் அடர்ந்த பச்சை மலை. சில நிமிடத்தில் அந்தப் பக்கம் வெளியே வந்தால் லாஹௌல், மரமே அரிதான மொட்டைப் பாறை மலைகள், உச்சியிலிருந்து தொங்கும் பனிப்பாறைகள். சிஸ்ஸு கிராமத்தில் இறங்கி நின்று பாருங்கள், மழை மலையைத் தாண்டாமல் நின்றுவிடுவது எப்படி என்று பிள்ளைகளுக்குக் கண்ணாலேயே புரிந்துவிடும். ரோத்தாங்குக்காக நெரிசலில் அரை நாள் நிற்பதைவிட இது மேல் என்பேன்.

ஊருக்குள் 1553-இல் கட்டிய ஹடிம்பா கோயில், மரத்தாலான அடுக்குக் கூரையோடு தேவதாருக் காட்டுக்குள் நிற்கிறது. பீமனின் மனைவி இடும்பிதான் அங்கே ஹடிம்பா தேவி. அதிகாலையில் போனால்தான் அந்தக் காட்டின் அமைதி கிடைக்கும். நக்கர் (Naggar) கிராமத்துக் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அக்டோபரில் போகிறவர்களுக்கு மணாலியில் ஒரு தனி லாபம் உண்டு. மற்ற ஊர்களில் தசரா முடியும் விஜயதசமி அன்றுதான் குல்லு தசரா தொடங்குகிறது. ஏழு நாள். சுற்றுவட்டார கிராமங்களின் தெய்வங்களையெல்லாம் பல்லக்கில் தூக்கிக்கொண்டு தால்பூர் மைதானத்துக்கு வருவார்கள், ரகுநாதர் தேரை ஊரே இழுக்கும். ஆயுத பூஜையைக் கடையிலோ பட்டறையிலோ முடித்துவிட்டு அன்றிரவே கிளம்பினாலும் கடைசி நாட்களைப் பிடித்துவிடலாம்.

## காங்ரா, தர்மசாலா: நம் குடும்பங்களுக்கு என் முதல் தேர்வு

பேக்கேஜ்காரர்கள் இதை அதிகம் விற்பதில்லை. விற்றாலும் ‘தர்மசாலா ஒரு நாள், டல்ஹௌசி ஒரு நாள்’ என்று ஓட்டிவிடுகிறார்கள். தாத்தா பாட்டி, நடுத்தர வயசு, பள்ளிப் பிள்ளைகள் என்று மூன்று தலைமுறை சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இமாச்சலத்தில் இல்லை என்று நம்புகிறேன்.

முதல் காரணம் நிலம். காங்ரா ஒரு அகன்ற பள்ளத்தாக்கு. நெல் வயல், தேயிலைத் தோட்டம், சின்னச் சின்ன ஊர்கள், அவற்றுக்குப் பின்னால் இடைக்குன்று அதிகம் இல்லாமல் நேராக எழும் தௌலாதார் மலைத்தொடர். பனிச்சிகரத்தைப் பார்க்க உயரத்துக்கு ஏறவே வேண்டாம், வயல் வரப்பில் நின்றே பார்க்கலாம். கீழ் தர்மசாலாவிலிருந்து மேலே மெக்லியோட் கஞ்சுக்கு 2022 முதல் ரோப் கார் ஓடுகிறது. வயதானவர்கள் வளைவுச் சாலையில் தலைசுற்றாமல் ஏறிவிடலாம்.

இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. பாட்டிக்கு ஜ்வாலாமுகி, சாமுண்டா, வஜ்ரேஸ்வரி. ஜ்வாலாமுகியில் சிலை இல்லை, பாறை இடுக்கிலிருந்து இயற்கையாக எரியும் சுடரைத்தான் வணங்குகிறார்கள். பைஜ்நாத்தில் 13-ஆம் நூற்றாண்டுச் சிவன் கோயில், பின்னணியில் பனிமலை. கல் வேலை தெரிந்த கண்ணுக்கு மஸ்ரூர். எட்டாம் நூற்றாண்டை ஒட்டி ஒரே மணற்கல் குன்றைக் குடைந்து செய்த கோயில்கள். மாமல்லபுரம் ரதங்களைப் பார்த்திருந்தால், வேறொருவர் அதே எண்ணத்தை இமயத்தின் அடியில் எப்படிச் செய்து பார்த்தார் என்று அங்கேயே உட்கார்ந்துவிடத் தோன்றும். கிரிக்கெட் பிள்ளைகளுக்குத் தர்மசாலா மைதானம். இளவட்டத்துக்குப் பீர் பில்லிங்கில் பாராகிளைடிங். 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி அங்கே நடந்தது. ஜூலை 15 முதல் செப்டம்பர் 15 வரை அதற்குத் தடை என்பதை நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, மெக்லியோட் கஞ்ச். 1960 முதல் தலாய் லாமா இங்கே வசிக்கிறார். அவர் ஊரில் இருக்கிறாரா என்பது உங்கள் அதிர்ஷ்டம். இல்லாவிட்டாலும் அங்குள்ள அவருடைய பௌத்தக் கோயிலும், அதைச் சுற்றிக் காட்டுக்குள் போகும் வலம்வரும் பாதையும், அதிகாலையில் ஜபமாலை உருட்டியபடி அந்தப் பாதையில் நடக்கும் திபெத்திய முதியவர்களும் போதும். ஓசூர், தளி, அஞ்செட்டிப் பக்கம் உள்ளவர்கள் கடைகளில் கன்னடத்தில் ஒரு வார்த்தை பேசிப் பாருங்கள். கர்நாடகத்தின் பைலகுப்பே, முண்ட்கோடு குடியிருப்புகளில் வளர்ந்த திபெத்தியர்களும் அங்கே உண்டு.

நான்காவது சாப்பாடு. இது சின்ன விஷயம் இல்லை. ஒரு வாரம் ரொட்டியும் பனீரும் சாப்பிட்டு நம் பெரியவர்கள் வாடிவிடுகிறார்கள். காங்ரா அரிசி சாப்பிடும் ஊர். கல்யாணத்திலும் கோயில் விருந்திலும் ‘தாம்’ என்று போடுவார்கள். நம் ஊர்ப் பந்தியைப் போலத் தரையில் வரிசையாக உட்கார வைத்து, தைத்த இலையில் முதலில் சோறு, பிறகு ஒவ்வொன்றாக ஊற்றிக்கொண்டே வருவார்கள்: தயிரில் வேகவைத்த கொண்டைக்கடலை ‘மத்ரா’, உளுந்துப் பருப்பு, புளிப்புக்கு ‘கட்டா’, கடைசியில் இனிப்புச் சோறு. எல்லாம் சைவம், வெங்காயம் பூண்டும் சேர்க்க மாட்டார்கள். நீளமாக வெட்டிய குழி அடுப்பில், வாய் குறுகிய பித்தளைப் பாத்திரங்களில் சமைக்கும் அந்தச் சோற்றின் வாசனையை நம்மவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். தங்கும் இடத்தில் முதல் நாளே கேட்டு வையுங்கள், சிலர் சொல்லி வைத்தால் செய்து தருவார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. தர்மசாலா, இமாச்சலத்திலேயே அதிகம் மழை பெறும் இடங்களில் ஒன்று. நம் மாவட்டங்களில் ஓராண்டில் பெய்வதைப் போல மூன்று மடங்கு. ஆகவே மழைக்காலத்தில் இதற்கு விதிவிலக்கே இல்லை. இடங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் சிதறிக் கிடப்பதால் தினமும் டாக்சி வேண்டும். யூனியன் ரேட், பேரம் குறைவு. இதுதான் இங்கே பெரிய செலவு. பதான்கோட்டிலிருந்து ஜோகிந்தர் நகர் வரை 164 கி.மீ. போகும் பழைய குறும்பாதை ரயிலை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2022 ஆகஸ்ட் வெள்ளத்தில் பதான்கோட் அருகே சக்கி ஆற்றுப் பாலம் இடிந்தபின் அது முழுத் தூரம் ஓடாமல் போனது. கிளம்பும் வாரத்தில் எந்தப் பகுதியில் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் பனி வேண்டும் என்று பிள்ளைகள் அடம் பிடித்தால், மே மாதத்தில் காங்ராவால் அதைத் தர முடியாது.

டல்ஹௌசி, கஜ்ஜியார், சம்பா பற்றியும் கேட்கிறார்கள். நல்ல இடங்கள்தான். பத்து நாள் இருந்தால் காங்ராவோடு சேருங்கள், ஏழு நாளுக்குள் வேண்டாம்.

## ஸ்பிதி: உடம்பும் நாட்களும் இருந்தால் மட்டும்

ஸ்பிதியைப் பற்றி அடக்கிப் பேசுவது எனக்குக் கஷ்டம். தாபோ பௌத்த மடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 996-இல் நிறுவியது. தஞ்சைப் பெரிய கோயில் எழுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, ராஜராஜன் ஆட்சியில் இருந்த காலம். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் மண் சுவர். உள்ளே இருட்டு. கண் பழகியதும் சுவர் முழுக்க ஓவியங்களும், சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் மண் சிற்பங்களும் ஒவ்வொன்றாகத் தெரியும். போட்டோவுக்கு அனுமதி இல்லை. ஆயிரம் ஆண்டாக அங்கே வழிபாடு நிற்கவில்லை. குன்றின் மேல் கீ மடம், நான்காயிரம் மீட்டருக்கு மேல் ஹிக்கிம் கிராமத்துத் தபால் நிலையம். அங்கிருந்து 635001-க்கோ 636701-க்கோ ஒரு கார்டு போட்டால் உங்களுக்குப் பின்னால் அது ஆடி அசைந்து வந்து சேரும். லாங்ஜாவில் கோடிக்கணக்கான ஆண்டுக்கு முந்தைய கடல் உயிரிகளின் படிவங்கள் கிடைக்கின்றன. யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள், அவை அந்த மண்ணில் இருக்க வேண்டியவை.

இவ்வளவு சொல்லிவிட்டு, பெரும்பாலான குடும்பங்களுக்கு ஸ்பிதி வேண்டாம் என்றும் சொல்கிறேன். பத்து வயதுக்குக் கீழ் பிள்ளைகள், அறுபதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் முதல் இமயப் பயணத்துக்கு இது ஏற்றதல்ல. தலைவலி, வாந்தி, தூக்கமின்மை என்று உயர நோய் ஆரம்பித்தால் கீழே இறங்குவதுதான் மருந்து. காசாவிலிருந்து இறங்குவது என்றால் முழு நாள் பயணம். பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இல்லை.

போவதென்றால் வழி முக்கியம். மணாலியிலிருந்து காசா சுமார் 200 கி.மீ.தான், கிட்டத்து வழி. ஆனால் ஒரே நாளில் 2,050 மீட்டரிலிருந்து குன்சும் கணவாயின் 4,550 மீட்டரைத் தாண்ட வேண்டும். உடம்பு தாங்காது. சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகப் போனால் சுமார் 420 கி.மீ. கல்பாவில் ஓர் இரவு, நாகோவிலோ தாபோவிலோ ஓர் இரவு என்று படிப்படியாக ஏறலாம். கல்பாவில் விடியற்காலை கின்னர் கைலாசம் சிவக்கும் காட்சிக்கே அந்த வழி தகும். சிம்லா வழியாக ஏறி மணாலி வழியாக இறங்குவதுதான் சரியான முறை.

இங்கேதான் மே மாதச் சிக்கல் வருகிறது. குன்சும் கணவாயில் பனியை அகற்றித் திறக்க ஜூன் ஆகிவிடும். மே விடுமுறையில் போனால் வந்த வழியே திரும்ப வேண்டும், இரண்டு நாள் கூடுதல். ஸ்பிதிக்கு நல்ல மாதம் செப்டம்பர். ஸ்பிதிக்குள் மழை குறைவு. ஆனால் அங்கே கொண்டு சேர்க்கும் சாலைகள் மழைப் பகுதி வழியாகத்தான் வருகின்றன, ஜூலை, ஆகஸ்டில் அதையும் நம்ப முடியாது.

செலவில் வண்டிதான் முக்கால் பங்கு. எட்டு, ஒன்பது நாளுக்கு ஒரே டிரைவர், ஒரே வண்டி. நாலு பேர் பகிர்ந்தால்தான் கட்டும். தங்குவதும் சாப்பாடும் ஹோம்ஸ்டேயில் மலிவு. அரசுப் பஸ்ஸிலும் போகலாம், கின்னௌரில் உள்ள ரெக்காங் பியோவிலிருந்து காசாவுக்கு உண்டு. நேரமும் பொறுமையும் உள்ள இளைஞர்களுக்கு அது நல்ல வழி.

## ஒரே பார்வையில்

| | சிம்லா | மணாலி | காங்ரா, தர்மசாலா | ஸ்பிதி |
|---|---|---|---|---|
| தங்கும் உயரம் | சுமார் 2,200 மீ. | சுமார் 2,050 மீ. | 1,400 முதல் 2,100 மீ. | 3,300 முதல் 3,700 மீ. |
| நல்ல மாதம் | மார்ச், ஏப்ரல், அக்டோபர் | மே (பனிக்கு), அக்டோபர் (தசராவுக்கு) | ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் | ஜூன் கடைசி, செப்டம்பர் |
| வீட்டிலிருந்து வீடு, விமானத்தில் | 6 நாள் | 7, 8 நாள் | 7, 8 நாள் | 12 நாள் |
| பணம் கரையும் இடம் | கூலியாள், குதிரை, சீசன் ரூம் | ரோத்தாங் டாக்சி, கோட்டு வாடகை | தினசரி டாக்சி | முழுப் பயண வண்டி |
| பெரியவர்களுக்கு | படிகள் தொல்லை | நெரிசல் தொல்லை | மிகவும் ஏற்றது | வேண்டாம் |
| பனி | ஜனவரி, பிப்ரவரி, உறுதி இல்லை | மே வரை மேலே உண்டு | தூரத்தில் மட்டும் | சிகரங்களில், கணவாயில் |

## இன்னும் சிலர் கேட்பது

புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் மணாலி என்றே கேட்கிறார்கள். போங்கள், ஆனால் மால் ரோட்டை விட்டுப் பழைய மணாலியிலோ நக்கர் கிராமத்திலோ தங்குங்கள். குளிர்காலத்தில் ரூம் ஹீட்டருக்குத் தனிக் காசு கேட்கும் இடங்கள் உண்டு, முன்பதிவிலேயே பேசிவிடுங்கள்.

சொந்தக் காரில் போகலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நம் ஊர் வழியே போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலைதான் அம்பாலா, ஜலந்தர், பதான்கோட் வழியாகவும் போகிறது, ஆசை வருவது இயல்பு. ஆனால் மலை அடிவாரம் வரையே ஏறக்குறைய 2,500 கி.மீ. போகவும் வரவும் எட்டு நாள் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். மூன்று வாரம் லீவு, மாற்றி ஓட்ட இரண்டு பேர் இருந்தால் தவிர வேண்டாம். அப்படிப் போனாலும் தொப்பூர் இறக்கத்தில் நாம் கற்றதை, அதாவது பிரேக்கை மட்டும் நம்பாமல் சின்ன கியரில் இறங்குவதை, அங்கே நாள் முழுக்கச் செய்ய வேண்டியிருக்கும்.

சிம்லா, குல்லு, காங்ரா மூன்றுக்கும் சின்ன விமான நிலையங்கள் உண்டு. காங்ராவின் கக்கல் நிலையத்துக்கு டெல்லியிலிருந்து அதிக விமானங்கள். டெல்லி வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து தனி டிக்கெட் என்று எடுத்தால் மேகம் சூழ்ந்து முதல் விமானம் ரத்தானாலும் இரண்டாவது கம்பெனி பணம் திருப்பாது. ஆகவே திரும்பும்போது மலையிலிருந்து இறங்கும் நாளுக்கும் பெங்களூர் விமானத்துக்கும் நடுவே ஓர் இரவு டெல்லியிலோ சண்டிகரிலோ தங்குவதாகத் திட்டம் போடுங்கள். அந்த ஒரு ரூம் வாடகை, ஐந்து பேருக்குக் கடைசி நேர விமான டிக்கெட் எடுப்பதைவிடப் பல மடங்கு குறைவு.